எருமை சாய்ந்த இடம்

வெள்ளம் எல்லைத்தூணை அடித்துக்கொண்டு போய்விட்டது. அது நின்ற இடம் எது என்று அந்த மலையடிவார ஆற்றங்கரையில் இரு நாட்டு சர்வேயர்களும் மூன்று நாளாக அளந்தார்கள். இரண்டு கருவிகளுக்கும் எட்டடி தகராறு. இந்தப் பக்கத்து சர்வேயர் தீர்த்தமானுக்குத் தலை சுற்றியது. வெள்ளம் விட்டுப்போன வண்டலில் கடுகு விதைத்திருந்த பூல்மாயா களைபறிப்பதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

“எங்க எருமையைக் கேளுங்க சார். பத்து வருஷமா அந்தத் தூண்லதான் முதுகு தேய்க்குது.”

அவிழ்த்துவிட்டாள். எருமை கடுகுக்குள் நேராக நடந்து வந்தது, திரும்பியது, இல்லாத தூணின்மேல் முழு நம்பிக்கையோடு சாய்ந்து, கால் மடங்கி விழுந்தது. எழுந்து, அதே இடத்தில் மறுபடியும் சாய்ந்தது.

அந்தப் பக்கத்து நாட்டு சர்வேயர் அளந்து குறித்த இடமும் அங்குலம் பிசகாமல் அதுவேதான். தீர்த்தமான் பதறினார்.

“அக்கா, நாலு பாத்திக் கடுகு அந்தப் பக்கம் போகுதே! உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?”

“தெரியாம என்ன சார்?” என்று எருமையின் முதுகிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள் பூல்மாயா. “மூணு மாசமா தெனமும் இப்படி விழுந்து எந்திரிக்குது. பாக்க முடியல. சீக்கிரம் தூணை நடுங்க.”