காயாத சட்டை

உலைக்கூடத்தில் ஆட்களை வேலைக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது நர்ஸின் பொறுப்பு. குறைந்த எடைக்கு ஈடாகத் தண்ணீர் குடித்த பிறகே மறுபடி உள்ளே விடுவாள். எல்லோரும் பிழிந்த துணியாக ஒரு கிலோ குறைந்து வந்தார்கள். நெட்டையன் மட்டும் மூன்று நாளாக ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அந்த அனலில் வேர்க்காதவன் சுருண்டு விழுவான் என்பது அவளுக்குத் தெரியும். நெற்றியைத் தொட்டாள். பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது.

“எனக்கென்ன சிஸ்டர், ஜம்முனு இருக்கேன்.”

மனசு கேட்காமல் அவன் மனைவிக்குப் போன் செய்தாள்.

“அவருக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். அவரோட இன்னொரு சட்டைதான் மூணு நாளா கொடியில காயவே மாட்டேங்குது. அவர் உள்ள போற நேரத்துக்குச் சொட்ட ஆரம்பிக்குது. நாக்குல வெச்சுப் பார்த்தேன், உப்புக் கரிக்குது.”

நர்ஸ் உலைக்கூடத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கதவுக்கு அப்பால் உலை உறுமியது.

“மழையே வந்தாலும் அதை எடுத்துடாதம்மா,” என்றாள்.