அகலக் கதவு அறை

“கழுதையைக் கலையுங்கோ! முதல்ல அதைக் கலையுங்கோ, பிள்ளை!” என்று சக்கர நாற்காலியில் இருந்தபடியே மதலேனா கத்தினார்.

மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தப் பயண முகவர் கந்தோரின் வாசலை ஒரு கழுதை அடைத்துக்கொண்டு நின்றது. அங்கே வேலை செய்யும் செலீனா ஓடிப்போய் அதைத் துரத்திவிட்டு, வந்தவர்களை உள்ளே அழைத்தாள். ஊரில் கழுதைக்கா பஞ்சம், இந்த அம்மா ஏன் இப்படி வெலவெலத்துப் போகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

நாற்காலியைத் தள்ளி வந்தவர் அவருடைய கணவர் அமிர்தநாயகம். விடத்தல்தீவில் காலமெல்லாம் எஞ்சின் படகில் தொழில் செய்து ஓய்ந்த மனிதர். செலீனாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

“கொழும்பில இருந்து சொகுசுக் கப்பல் ஒண்டு வெளிக்கிடுதாம். மடுக் கோயிலை விட்டால் இந்த மனுசன் என்னை ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போனதில்லை,” என்றார் மதலேனா. “ஆனால் சாதாரண அறை சரிவராது. இயலாத ஆக்களுக்கெண்டு விசேட அறை இருக்காமே? அது கிடைச்சால்தான் போவம். ஏனெண்டால்…”

“விளங்குது அம்மா. நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம்.”

ஒருவருடைய குறையை முகத்துக்கு நேரே கேட்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் செலீனா. அதனால் மிச்சக் கதையை எல்லாம் கணினியைப் பார்த்தபடியே அமிர்தநாயகத்திடம் சொன்னாள். கப்பல் ஆடினால் என்ன செய்வது, துறைமுகத்தில் எப்படி இறங்குவது என்று மூச்சுவிடாமல் பொழிந்து தள்ளினாள். மனிதர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.

செலீனாவுக்குப் பொறாமையாகவே இருந்தது. அவளுடைய புருசன் றோய் இன்றுவரை அவளை ஒரு வசனம் முழுதாக முடிக்க விட்டதில்லை. மதலேனா குடுத்து வைத்தவர் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு, உள்ளறைக்குப் போய்க் கொழும்புக்கு அழைப்பு எடுத்தாள்.

“விசேட அறை ரெண்டுதான் மிச்சம்,” என்றார் கப்பல் கந்தோரில் இருந்த றிஸ்லான். “ஒண்டு அகலக் கதவு, குளியலறையில படி இல்லை. மற்றதில, கதவைத் தட்டினால் உள்ளுக்க லைற் மின்னும். ஆபத்தெண்டால் கட்டில் அதிரும்.”

“கட்டில் அதிர்ந்தால் அந்த அம்மா பயந்தே போயிடுவா! அகலக் கதவைத் தாங்கோ.”

“அதை வேற ஒரு ஆளும் கேட்டுக்கொண்டு நிக்கிறார்.”

விடுவாளா செலீனா? கெஞ்சினாள், சண்டை பிடித்தாள், கடைசியில் மூக்கை உறிஞ்சி அழவும் செய்தாள். அழுகைக்கு றிஸ்லான் மசிந்துவிட்டார்.

“அம்மா, அறை கிடைச்சிட்டுது!” என்று துள்ளிக்கொண்டு வந்தாள். “அகலக் கதவு! நீங்கள் இந்தக் கதிரையோடையே உள்ளுக்க சுத்தித் திரியலாம்.”

மதலேனா திருதிருவென்று விழித்தார். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கணுக்காலில் வெள்ளையாக ஒரு மாக்கட்டு.

“இது போன கிழமை கழுதை உதைச்சது, பிள்ளை. கப்பல் வெளிக்கிட முதல் கட்டை அவிழ்த்திடுவினம். கதிரையும் இரவல்தான்.”

செலீனா மாக்கட்டையும் கதிரையையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப… விசேட அறை ஆருக்கு?”

மதலேனா கணவரின் கையைத் தட்டினார். அமிர்தநாயகம் திரும்பிப் பார்த்து, வழக்கம்போல வாய் நிறையச் சிரித்தார்.

“இவருக்குத்தான். ரெண்டு காதும் துப்பரவாக் கேளாது.”