தலை வரைந்தது யார்?

அந்தத் தலையைப் பார்த்ததும் அன்புக்கரசி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

சுரங்க டவுன்ஷிப் நூலகச் சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள். கடைசிப் படத்தில் கோழிக்கால்கள், பள்ளிக்கூட ஷூவோடு. மேலே குக்கர் உடம்பு. அதற்கும் மேலே ஹெல்மெட், முறுக்கு மீசை, வாயிருக்கும் இடத்தில் சுரங்கத்தில் மண் வெட்டும் சக்கரம். சக்கரத்தில் ஒரு பல் குறைந்திருந்தது. அது காதோரம் ஒரு டம்ளரில் கிடந்தது.

மீசையே சொல்லிவிட்டது. பழனிவேல் சார். அவள் கணவனின் காண்ட்ராக்டை நீட்டித்துத் திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டியவர்.

கீழே, சேர்ந்து வரைந்த மூன்று பேரின் பெயர்கள். இளவேனில், எழில்மதி, ஹாமித். எழில்மதி சாரின் மகள். பெற்ற அப்பனை எந்தப் பிள்ளை இப்படி வரையும்? முதல் பெயர் தன் மகளுடையது.

"தலை யாருடி போட்டது?"

"சொல்லக்கூடாதும்மா. அதான் ஆட்டமே."

கையில் கிள்ளினாள். இளவேனில் கையைத் தேய்த்துக்கொண்டே மாட்டேன் என்று தலையாட்டினாள்.

அன்புக்கரசி, பிள்ளைகளை வரைய வைத்த அகிலா டீச்சரிடம் ஓடினாள். "அத எடுத்துடுங்க டீச்சர்."

"ஏங்க? தாளை மடிச்சு மடிச்சு மூணு பேர் வரையறது. முன்னால வரைஞ்சதைப் பார்க்கக் கூடாது. சர்ரியலிசம்னு பேரு. கனவுல மாதிரி எதோட எதுவும் சேரும். நூறு வருஷம் முன்னாடி பெரிய பெரிய ஓவியருங்களே உட்கார்ந்து விளையாடினது."

"அவங்கள்லாம் காண்ட்ராக்ட்ல இருந்திருக்க மாட்டாங்க டீச்சர்."

டீச்சர் சிரித்தாள். அன்புக்கரசியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். படத்தை ஒட்டியிருந்த டேப்பைப் பிரிக்கப் போவதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

பழனிவேல் சார் ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். கடைசிப் படத்தைவிட்டு நகரவில்லை.

"தலையை வரைஞ்சது யாரு?"

ஹாமித் தன் செருப்பைப் பார்த்தான்.

"நான்தான் சார்" என்றாள் இளவேனில்.

அன்புக்கரசி கும்பிட்டாள். "வெவரம் தெரியாத பொண்ணு சார். எதையாவது கிறுக்கிகினு இருக்கும்..."

சார் அவளைப் பார்க்கவில்லை. டம்ளரையே பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"என் கட்டுப்பல்லு ராத்திரி டம்ளர்ல கிடக்கறது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

இளவேனில் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாதே." அவர் குனிந்து அவள் ஷூவைப் பார்த்தார். "கோழிக்கால்தானே உன்னோடது? ஷூ லேஸ் நல்லா வந்திருக்கு."

மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் விசும்பல் கேட்டது. இளவேனிலின் முதுகுக்குப் பின்னால் எழில்மதி. தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்புக்கரசி கிள்ளிச் சிவந்திருந்த அதே கையை.