கூட்டத்துக்கு வந்த பள்ளிக்கூடம்

மலைக்காட்டில் இருவாச்சிப் பறவை ஒன்று டீச்சராகி, தனியாளாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தாள். மான்குட்டி முதல் மந்திக்குட்டி வரை எல்லாருக்கும் அவள் ஒருத்திதான். கூரை ஒழுகியது, மழைக்காலமோ நெருங்கியது.

யானையாரின் சங்கமும் கரடியாரின் சங்கமும் கூரை போட்டுத் தருவதாகக் கைகோத்தன. அன்றிலிருந்து ஒரே கூட்டம்தான். யார் புல் அறுப்பது, யார் பெயர் முதலில் வருவது என்று பேசித் தீரவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் டீச்சரை அழைத்தார்கள். அவள் போனால் பள்ளிக்கூடம் கிடையாது. குட்டிகள் எழுத்தை மறக்கத் தொடங்கின.

அடுத்த கூட்டத்துக்குக் குட்டிகளையும் கூட்டிப் போனாள்.

"இதுங்க எதுக்கு டீச்சர்?" என்றார் கரடியார்.

"நான் இருக்கிற இடந்தானே ஐயா பள்ளிக்கூடம்? நீங்க பேசுங்க, நாங்க ஓரமாப் படிக்கிறோம்."

யானையார் வாய் திறந்தபோதெல்லாம் "ஈரெட்டு பதினாறு!" என்று காடே அதிர்ந்தது. மந்திக்குட்டி அவர் முதுகிலேறி 'அ' எழுதிப் பழகியது.

"கரடியாரே, எழுந்திருங்க" என்றார், ஒரு வார்த்தைகூடப் பேச முடியாமல் போன யானையார். "நான் மூங்கில் கொண்டாரேன், நீங்க புல்லை அறுங்க."

"யார் பேர் முதல்ல?"

"அட, முதல்ல இதுங்களை உள்ள அனுப்புவோம்யா!"

சாயங்காலத்துக்குள் கூரை ஏறிவிட்டது.

"நன்றி சொல்ல ஒரு கூட்டம் வைக்கலாமா ஐயா? குட்டிகளோட வர்றேன்" என்றாள் டீச்சர்.

இருவரும் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்கள்.