ச. ரெஜினாவின் சட்டை

ஞா. ரெஜினா மூன்று வருடங்களாகக் கல்லூரி அணியில் பந்தாடியது, முதுகில் 'ச. ரெஜினா' என்று அச்சிட்ட சட்டையோடுதான். பள்ளி மைதானத்துக்கு ஆள் எடுக்க வந்த கோச் தவமணி, கோல் கோலாக அடித்துக்கொண்டிருந்த ச. ரெஜினாவை விட்டுவிட்டு, பெயர்க் குழப்பத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவளைக் கூட்டிவந்துவிட்டார். இனிஷியலைத் திருத்தச் சொன்னால் இடமே போய்விடும் என்று இவள் வாயைத் திறக்கவில்லை. இப்போது அணி முதல்முறையாக அகில இந்தியப் போட்டிக்குப் போகிறது. தவமணி சாரோ வேறு கல்லூரிக்குப் போகிறார். அவர் பைக்கை உதைக்கும்போது அழுகையோடு உண்மையைச் சொன்னாள்.

"அடிப்பாவி, எனக்குத் தெரியாதாக்கும்! முதல் நாள் நீ பந்தைக் கால்ல வாங்கினப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் சார் திருப்பி அனுப்பல?"

"வாங்கின விதம் அப்படி."

மறுநாள் புதுச் சட்டைக்குப் பெயர் எழுத வந்த புதிய கோச், "இனிஷியல் தப்பாமே, என்னம்மா போடணும்?" என்றார்.

"த போடுங்க சார்."

"த-வா? உங்கப்பா பேரு ஞானராஜ்தானே?"

ரெஜினா, உருண்டு வந்த பந்தைக் காலில் மெல்ல வாங்கிக்கொண்டாள்.