காத்திருந்த பசுக்கள்

ஓநாய்கள் எல்லை தாண்டி வந்ததும் காளைகளெல்லாம் போருக்குப் போய்விட்டன. நிலம் தரிசாகக் கிடந்தது. செவலைப் பசு தானே முன்வந்து நுகத்தடிக்குள் கழுத்தைக் கொடுத்தது. மற்றப் பசுக்களும் சேர்ந்துகொண்டன. உழுது விளைந்த சோளத்தட்டையைப் போர்க்களம் வரைக்கும் சுமந்துபோய்ப் போட்டன.

காளைகள் வென்று திரும்பின. வெற்றி விழாவில் அவற்றின் தலைவன் கொம்பன் எழுந்து, "எங்களுக்காகக் காத்துக்கிட்டிருந்த பசுக்களுக்கும் நன்றி" என்றது.

செவலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காத்துக்கிட்டா இருந்தோம்? நீங்க தின்ன தட்டை யார் உழுது விளைஞ்சுது?"

"இந்த வருஷம் நல்ல மழையாமே" என்று கொம்பன் சிரித்தது.

செவலை கழுத்தைத் திருப்பிக் காட்டியது. தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. "இதையும் மழைதான் தேய்ச்சுதா?"

கொம்பன் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. "நாளையிலேர்ந்து ஏர் எங்க வேலை. நீங்க தொழுவத்துக்குப் போங்க."

மறுநாள் விடிந்து காளைகள் வயலுக்கு வந்தபோது, செவலையும் இன்னொரு பசுவும் பாதி நிலத்தை உழுதுவிட்டிருந்தன.

"விலகு!" என்று உறுமியது கொம்பன்.

செவலை நிற்கவில்லை. "தொழுவத்துல கன்னுங்க தனியா கத்துது. போய்ப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த உழவுசாலுக்குத் திரும்பியது.