ரெண்டு கோடி

"உங்க அப்பா விலை போயிட்டாவ!"

ஷிப்ட் முடிந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாத கணவனிடம் சுஜாதா இப்படித்தான் ஆரம்பித்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும்.

சுரேந்தர் சிரித்தான். "யாரு, எங்கப்பாவா? டீக்கடையில அடுத்தவங்க காசுல ஒரு டீ குடிக்க மாட்டாரு. அவரைப் போயி..."

"சிரிக்காதிய. காலையில உரம் வாங்க ஓசூர் வந்தாவ, இங்க வந்து சாப்பிட்டாவல்லா? அப்ப பைப்லைன் எஞ்சினியர்கிட்ட போன்ல பேசினாவ. 'ஒரு கோடி போதாதுன்னு சொல்றீங்களா? நாளைக்குள்ள ரெண்டாயிடும் சார். அப்புறம் பைப்பு பத்தி எங்க ஊர்ல ஒருத்தர் பேச மாட்டாங்க. நாளைக்கு நேர்ல வாங்க, முடிச்சுக்கலாம்'னு சொன்னாவ. என் காதால கேட்டேன்."

"ரெண்டா?" என்றான் சுரேந்தர். சிரிப்பு நின்றுவிட்டது. அவன் மனசு ஒரு நொடி எங்கோ போய்விட்டுத் திரும்பியதை அவள் பார்த்துவிட்டாள்.

"பாகலூர் ரோட்டுல வீடு வாங்கக் கணக்குப் போடுதியளோ?"

"சே, சே! நாளைக்கு லீவுதானே, ஊருக்கே போய்க் கேட்டுடலாம்."

தேன்கனிக்கோட்டை பக்கம் உள்ளடங்கிய ஊர் அவனுடையது. சின்ன வயதிலேயே ஹாஸ்டல், அப்புறம் கம்பெனி என்று வளர்ந்ததால் ஊர்ச் சமாச்சாரம் எதுவும் அவனுக்கு அரைகுறைதான். போன வருடம் அந்த ஊர் ஏரிக்குள் கேஸ் பைப்பு புதைக்கப் போவதாகச் சொல்லிச் சிவப்புக் கொடி நட்டார்கள். ஏரி போனால் கீழே இருக்கும் கிணறுகளும் போகும் என்று ஊர் கொதித்தது. "செத்துப்போன ஏரிக்காகவா இவ்வளவு சண்டை?" என்று கேட்டுவிட்டுப் போனார் எஞ்சினியர்.

அந்த ஒரு வார்த்தை சுரேந்தரின் அப்பா ஆஞ்சப்பனைச் சுட்டுவிட்டது. ஏரிப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். மலையிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயைக் கோடை முழுக்க ஊரைக் கூட்டித் தூர் வாரினார். மருமகள் சுஜாதாவும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் மண் சுமந்தாள். அவள் பிறந்த ஊரில் குளம் பாழாகி, பாதி ஊர் பிழைப்புத் தேடிக் கிளம்பிவிட்டது. அவளே அப்படி ஓசூருக்கு வந்தவள்தான். இந்த ஏரியாவது பிழைக்கட்டும் என்று இருந்தாள். இப்போது மாமனாரே விற்றுவிட்டாரே என்று அவளுக்கு ஆறவில்லை.

மறுநாள் தூறலில் நனைந்துகொண்டே இருவரும் பைக்கில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சுரேந்தர் பைக்கை மாட்டுக் கொட்டகையில் விடப் போனான். உள்ளே அவன் அம்மா சென்னம்மாள், தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, சரியான நேரத்துக்கு வந்த. விஷயம் தெரியுமா? ரெண்டு கோடி!" சென்னம்மாளுக்கு முகமெல்லாம் பல்.

"அத்தை, நீங்களுமா?"

"நான் மட்டுமா? ஊரே சந்தோஷத்துல இருக்குது. படையல் போடாம இருக்க முடியுமா?"

ஊரேயா! சுஜாதா விருட்டென்று வாசலுக்குத் திரும்பினாள். அதற்குள் ஆஞ்சப்பன் குடையோடு வெளியே கிளம்பி வந்தார். வழியை மறித்து நின்றாள்.

"மாமா, நீங்க போன்ல பேசினதை நான் கேட்டேன். ரெண்டு கோடி நிஜமா?"

"நிஜம்தாம்மா. முந்தாநேத்து ஒண்ணு ஆச்சு. இன்னொண்ணு இன்னைக்கு விடியகாலம்."

"நாங்கல்லாம் மண்ணு சுமந்தது இதுக்குத்தானா?"

"பின்ன? இதுக்குத்தான்!" அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எஞ்சினியரு ஏரிக்கரையில நிக்கறாரு. நீயும் வந்து உன் கண்ணால பாரு."

இந்த மனிதருக்கு வெட்கமே இல்லையே என்று பொருமிக்கொண்டு பின்னால் நடந்தாள். எஞ்சினியரை வைத்துக்கொண்டே நாலு வார்த்தை கேட்டுவிடுவது, அப்படியே போலீசுக்குப் போய்விடுவது என்று முடிவே கட்டிவிட்டாள். புருஷன் கூட வராவிட்டாலும் சரி.

கரைக்குக் கீழே ஜீப் நின்றது. சிவப்புக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஆட்கள் அதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எஞ்சினியர் ஓடிவந்து ஆஞ்சப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க சார். ரெண்டு கோடியையும் பாத்துட்டேன். நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பைப்பு இனிமே ரோட்டோரமாத்தான் போகும்."

சுஜாதா விழித்தாள். பணத்தை வாங்கிக்கொண்டு பைப்பை எதற்கு ரோட்டுக்குத் திருப்ப வேண்டும்? ஒன்றும் புரியாமல் கரைமேல் ஏறினாள்.

"அதோ, அது பெரிய கோடி, இந்தாண்ட இருக்கறது சின்னக் கோடி" என்று ஆஞ்சப்பன் கைகாட்டிய இரண்டு பக்கமும், கரைக்குக் கரை நிரம்பிய ஏரி தாங்க முடியாமல் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

"ரொம்பின தண்ணி வழியுத இந்த இடத்தை எங்க ஊர்ல மறுகால்னு சொல்லுவோம், மாமா" என்றவள், அழுகையும் சிரிப்புமாக அந்த ஈரக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.